விருந்தாளிக்குப் பதில் சொன்ன மேடை: 2015 மார்ச் வருகை, ஒரு நிகழ்வு ஆய்வு

2015 மார்ச் 13, வெள்ளிக்கிழமை. இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் இலங்கைப் பாராளுமன்றத்தில் உரையாற்றினார். மறுநாள் அனுராதபுரம், தலைமன்னார் வழியாக யாழ்ப்பாணம் வந்து, பொது நூலகத்துக்குப் பக்கத்தில் கலாசார மையம் ஒன்றுக்கு அடிக்கல் நாட்டினார். அந்த இரண்டு நாளைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி, அவர் என்ன சொன்னார், என்ன சொல்லாமல் விட்டார் என்பதுதான். நான் பார்க்க விரும்புவது அதற்கு முந்திய வேலையை. ஒரு சபை வெளிநாட்டுத் தலைவர் ஒருவரை வரவேற்க எப்படி ஆயத்தமாகிறது, ஒரு ஊர் எப்படி ஆயத்தமாகிறது, அந்த ஆயத்தங்களில் வடக்கின் ஆட்கள் எங்கே நின்றார்கள்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாராளுமன்றத்தில் விருந்தாளி பேசி முடித்தபின் அவருக்குப் பதில் சொல்ல யாருக்கும் இடம் இல்லை. அந்த வருகையில் பதில் என்று ஒன்று பகிரங்கமாக எழுந்தது யாழ்ப்பாண மேடையில்தான். அங்கே வாக்குப் பெற்று வந்த ஒருவர் வரவேற்கும் இடத்தில் நின்றதால் அது நடந்தது. அந்த இடம் இப்போது காலியாக இருக்கிறது.

ஒரு சின்ன விளக்கம். இந்தியப் பிரதமர் அரசாங்கத்தின் தலைவர். அரசின் தலைவர் அந்த நாட்டின் ஜனாதிபதி. மரபுப்படி அரசுத் தலைவருக்கு 21 வேட்டு, பிரதமருக்கு 19 வேட்டு. மற்றபடி சபைக்குள் நடக்கும் ஆயத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே இங்கே எடுத்துக்கொண்ட நான்கு வருகைகளும் பிரதமர்களுடையவை என்பதை ஒரு குறையாக நான் நினைக்கவில்லை.

வருகைக்கு முந்திய வாரங்கள்

மோடியின் வருகை ஒரு தனி அழைப்பின் பேரில் திடீரென்று நடந்த ஒன்றல்ல. ஜனவரி 8ஆம் திகதித் தேர்தலில் மைத்திரிபால சிறிசேன வென்றார். பெப்ரவரி நடுப்பகுதியில் அவர் தன் முதலாவது வெளிநாட்டுப் பயணமாக டெல்லி போனார். அதற்குச் சில நாள் முன்பு, பெப்ரவரி 10ஆம் திகதி, வட மாகாண சபை தமிழர்மீது நடந்தது இனப்படுகொலை என்ற தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. புதிய அரசாங்கத்துக்கு அது சங்கடம், டெல்லிக்கும் சங்கடம். மார்ச் முதல் வாரம் இந்திய வெளிவிவகார அமைச்சர் சுஷ்மா சுவராஜ் கொழும்பில் நின்று வருகைக்கான கடைசி வேலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பிரதமர் ரணில் விக்கிரமசிங்க தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி ஒன்றுக்குக் கொடுத்த பேட்டி வெளியானது. எல்லை தாண்டி வரும் மீனவர்களைச் சுடலாம் என்ற பொருளில் அவர் பேசியது தமிழ்நாட்டில் பற்றி எரிந்தது. இங்கே வடமராட்சியிலும் தீவகத்திலும் இந்தியப் படகுகளின் இழுவைமடியால் வலை இழந்தவர்கள் அதை வேறு மாதிரிக் கேட்டார்கள் என்பதும் உண்மை.

இன்னொரு பழைய நினைவும் இந்த வருகைக்குப் பின்னால் இருந்தது. சார்க் மாநாட்டுக்கு வந்தவர்களை விட்டால், இந்தியப் பிரதமர் ஒருவர் இருதரப்பு வருகையாக இலங்கைக்கு வந்தது 1987 ஜூலையில். இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மறுநாள், கொழும்பில் அணிவகுப்பு மரியாதையின்போது கடற்படைச் சிப்பாய் ஒருவன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து ராஜீவ் காந்தியை ஓங்கி அடித்தான். அவர் குனிந்ததால் தலை தப்பியது. மரியாதை செலுத்த நிறுத்தப்பட்டவனே அடித்தான் என்பதால், 28 வருடங்களுக்குப் பின் வரும் அடுத்தவருக்குப் பாதுகாப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ராஜீவ் பாராளுமன்றத்தில் பேசவில்லை. இலங்கைப் பாராளுமன்றத்தில் அதுவரை பேசியிருந்த இந்தியப் பிரதமர்கள் நேரு, இந்திரா காந்தி, மொரார்ஜி தேசாய் ஆகிய மூவர். மோடி நான்காவது.

சபை எப்படி ஆயத்தமாகிறது

வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் பிரித்தானியாவுக்குப் போனால் அவருக்கு வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபமோ அரச கலரியோ இருக்கிறது. டெல்லியில் அதற்குப் பழைய பாராளுமன்றக் கட்டடத்தின் மத்திய மண்டபம் இருந்தது. 2010இல் ஒபாமா அங்கேதான் பேசினார். சபை அமரும் இடத்துக்கு வெளியே, ஒரு பொது மண்டபத்தில் விருந்தாளியை நிறுத்துவார்கள். கோட்டேயில் ஜெஃப்ரி பாவா கட்டி 1982 ஏப்ரலில் திறக்கப்பட்ட கட்டடத்தில் அப்படியொரு பொது மண்டபம் இல்லை. தியவன்னா நீருக்கு நடுவே, செப்புக் கூரைக்குக் கீழே, சபா மண்டபம் ஒன்றே பிரதானம். ஆகவே விருந்தாளி சபைக்குள்ளேயே வருகிறார், உறுப்பினர்கள் தினமும் சண்டை பிடிக்கும் அதே இடத்துக்கு.

சபையின் ஆயத்தத்தை நிர்ணயிப்பது இந்த விஷயம்தான். உறுப்பினர் அல்லாத ஒருவர் சபைக்குள் நின்று பேசுவது வழக்கத்துக்கு மாறானது, ஆகவே எல்லாத் தரப்பின் சம்மதமும் வேண்டும். வெளிவிவகார அமைச்சு ஊடாக நாள் குறிக்கப்படும். சபாநாயகரின் அழைப்பு போகும். கட்சித் தலைவர்கள் கூட்டத்தில் ஒழுங்கு பேசப்படும். யார் வாசலில் வரவேற்பது, சபாநாயகருக்குப் பக்கத்தில் ஆசனம் எப்படி, எந்தக் கலரியில் தூதுவர்கள், எந்தக் கலரியில் ஆளுநர்கள், படைக்கலச் சேவிதர் செங்கோலோடு முன்னே போகும்போது விருந்தாளி எத்தனை அடி பின்னே வருவார் என்பதெல்லாம் ஒத்திகை பார்க்கப்படும். அந்தச் செங்கோல் 1949இல் பிரித்தானியப் பொதுச்சபை அன்பளிப்பாகக் கொடுத்தது. கருங்காலித் தண்டு, அதில் வெள்ளியும் பொன்னும் நீலக்கல்லும். கனமான சாமான், தோளில் வைத்துத்தான் தூக்குவார்கள். கூட்டத் தொடர் தொடக்க நாளில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம்.

அதைவிட முக்கியமான வேலை மொழிபெயர்ப்புக் கூண்டில் நடக்கிறது. சபையில் மூன்று மொழிகளிலும் உடனுக்குடன் பெயர்ப்பு உண்டு. உறுப்பினர் அன்றாடம் பேசும் பேச்சில் ஒரு சொல் பிழைத்தால் சபையின் அதிகாரபூர்வப் பதிவான ஹன்சாட்டில் திருத்திக்கொள்ளலாம். விருந்தாளியின் பேச்சில் அரசியலமைப்பைத் தொடும் ஒரு வசனம் தமிழில் ஒரு மாதிரியும் சிங்களத்தில் இன்னொரு மாதிரியும் போனால், மாலைச் செய்திக்குள் அது பெரிய பிரச்சினை. இப்படியான உரைகளில் எழுதிய பிரதி முன்கூட்டியே கைமாறுவதற்கு இது ஒரு காரணம். அதாவது, மேடையில் அவர் வாய் திறக்கும்போது அந்தப் பேச்சு ஏற்கெனவே பல கண்களைத் தாண்டி வந்திருக்கும்.

பேச்சு வரிசை எளியது. சபாநாயகர் வரவேற்பார், சபையின் பெரிய தலைகளுக்கு இடம் ஒதுக்கப்படும், பிறகு விருந்தாளி. விவாதம் இல்லை. குறுக்குக் கேள்வி இல்லை. ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினால் அது நாட்டுக்கே அவமானம் என்று இரண்டு பக்கமும் பாயும். மரியாதையின் விலை அது. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் வரும் விளைவு ஒன்று உண்டு. சபையில் உங்களுக்கு எத்தனை ஆசனம் இருந்தாலும் அன்றைக்கு நீங்கள் கேட்போர்தான். உங்கள் விஷயம் அந்தப் பேச்சில் வரவேண்டுமானால் முந்திய வாரங்களிலேயே வந்திருக்க வேண்டும்.

2015 மார்ச்சில் சபாநாயகர் ஆசனத்தில் இருந்தவர் சமல் ராஜபக்ச. தம்பி மகிந்த ராஜபக்ச இரண்டு மாதம் முன்புதான் தோற்றிருந்தார், அந்தத் தோல்வியில் இந்தியாவுக்குக் கை இருந்தது என்று அந்தக் காலப்பகுதியில் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் இந்தியப் பிரதமரை வரவேற்கிறார். பாராளுமன்றச் சடங்கின் பலம் இதுதான் என்று எனக்குத் தோன்றும். மனதில் என்ன இருந்தாலும் ஆசனம் சொல்வதைச் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆளில்லாத ஆசனங்கள்: 1985

2015ஐ அளக்க இன்னொரு வருகையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1985 ஏப்ரலில் பிரித்தானியப் பிரதமர் மார்கிரட் தட்சர் இலங்கை வந்தார். பிரித்தானிய உதவியில் கட்டப்பட்ட விக்ரோரியா அணையைத் திறந்துவைத்தார், கோட்டேயில் இதே சபையில் பேசினார். கட்டடம் அப்போது மூன்று வயதுப் புதுசு.

அந்த நாளில் வடக்குக்கு சபையில் குரல் இல்லை. 1977 தேர்தலில் வடக்கின் 14 தொகுதிகளையும் தமிழர் விடுதலைக் கூட்டணியே வென்றிருந்தது. 1983 ஓகஸ்டில் வந்த ஆறாவது திருத்தம், தனிநாடு கேட்பதில்லை என்று சத்தியம் செய்யச் சொன்னது. கூட்டணி உறுப்பினர்கள் செய்யவில்லை. ஆசனங்கள் பறிபோயின. இடைத்தேர்தலும் நடக்கவில்லை. தட்சருக்கு ஆயத்தம் செய்தவர்கள் ஆசன ஒழுங்கைப் பார்த்தபோது யாழ்ப்பாணம், நல்லூர், காங்கேசன்துறை, பருத்தித்துறை என்று ஒரு மாகாணமே காலியாக இருந்திருக்கும். விருந்தாளிக்கு அது தெரிந்திருக்குமா, தெரிந்தாலும் சொல்லியிருப்பாரா என்பது வேறு கதை. ஆயத்தத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது.

2015இல் நிலைமை அதைவிட எவ்வளவோ மேல். தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு சபையில் 14 பேர். சம்பந்தன் தலைமையிலான குழு கொழும்பில் மோடியைத் தனியாகவும் சந்தித்தது. மாகாண சபை ஒன்று இயங்கிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்தில் 2010இலிருந்து இந்தியத் துணைத்தூதரகம் இருந்தது. கதவுகள் பல இருந்தன.

வெள்ளிக்கிழமைப் பேச்சு

பேச்சு ஆங்கிலத்தில். பௌத்தம், பொருளாதாரம், கடல் பாதுகாப்பு என்று வழக்கமான விஷயங்கள் நிறைய. இலங்கைக்குப் பாலம் அமைப்போம் என்ற பாரதியின் வரியையும் எடுத்துச் சொன்னார். சில வசனங்கள் மட்டும் தனியாக நின்றன. தான் 13 வருடம் ஒரு மாநிலத்தின் முதலமைச்சராக இருந்ததையும், கூட்டுறவுக் கூட்டாட்சியில் தனக்குள்ள நம்பிக்கையையும் சொன்னார். மாகாண சபைகளை உருவாக்கிய 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை விரைவாக, முழுமையாக நடைமுறைப்படுத்தி, அதற்கு அப்பாலும் போவது நல்லிணக்கத்துக்கு உதவும் என்பதையும் அந்த நாளில் சொன்னார்.

இதில் புதுசு ஒன்றும் இல்லை, இந்தியா வருடக்கணக்காகச் சொல்லிவருவதுதான் என்று அப்போது பலர் எழுதினார்கள். சொல் புதுசில்லை, சரி. ஆனால் கூட்டாட்சி என்றாலே பிரிவினை என்று கூச்சல் எழும் ஒரு நாட்டில், தலைநகரின் மண்ணில் நின்று, மாநில முதலமைச்சராக இருந்த அனுபவத்தைக் காட்டி ஒருவர் அதைப் பேசியபோது சபை கேட்டுக்கொண்டிருந்தது. தமிழ் உறுப்பினர் ஒருவர் வேறொரு நாளில் அதே விஷயத்தைப் பேசியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஹன்சாட்டைப் புரட்டினால் தெரியும்.

கேட்டது மட்டும்தான். சம்மதமா, மறுப்பா என்று சபை சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. கைதட்டல் பதிவாகும், நிலைப்பாடு பதிவாகாது. அப்புறம் விருந்தாளி எழுந்து போனார்.

யாழ்ப்பாணம் எப்படி ஆயத்தமாகிறது

இங்கே பெரிய ஆள் வருகிறார் என்றால் முதலில் தெரிவது றோட்டில். மாதக்கணக்கில் கிடந்த குழி ஒரே இரவில் மூடப்படும். வாய்க்கால் துப்புரவாகும். மதில் வெள்ளை அடிக்கப்படும். கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், கூட்டம் வைப்பார்கள். பிரதேச செயலாளர்களுக்குச் சொல்வார்கள். அவர்கள் கிராம சேவகருக்குச் சொல்வார்கள். கிராம சேவகர் வீடுவீடாகப் போய்ப் பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் எழுதுவார். பந்தலுக்குள் யார் இருப்பது என்பது அந்தப் பட்டியலில் முடிவாகிவிடும். பட்டியலில் ஏறுபவர்கள் பெரும்பாலும் பயனாளிகள், அதாவது நன்றி சொல்லக்கூடியவர்கள். மனு வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது கஷ்டம். இதை எவரும் உத்தரவு போட்டுச் செய்ய வேண்டியதில்லை. கூட்டம் கூட்டுகிறவருக்குத் தன்பாட்டிலேயே தெரியும்.

2013 நவம்பர் 15இல் டேவிட் கமரூன் வந்தபோது இந்தப் பட்டியல் முறை உடைந்தது. பொதுநலவாய மாநாட்டுக்குக் கொழும்பு வந்தவர் அன்றே யாழ்ப்பாணத்துக்குப் பறந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு வடக்குக்கு வந்த முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் என்று சொல்லப்பட்டவர். நூலகத்தில் அவர் நின்றபோது வெளியே காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் படங்களோடு கூடிவிட்டார்கள். பொலிஸ் தடுத்தது, அவர்கள் வாகனத் தொடரை நோக்கி ஓடினார்கள். உள்ளே என்ன பேசினார் என்பதைவிட அந்தப் படங்கள்தான் உலகம் முழுக்கப் போயின. கடவுச்சீட்டு அளவுப் படத்தைப் பெருப்பித்து, மழைக்கு நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு, கீழே பெயரும் காணாமல் போன திகதியும் எழுதி வைத்திருப்பார்கள். இங்கே எந்த நிகழ்வுக்குப் போனாலும் காண்கிற ஒன்று அது.

2015இல் ஒழுங்கு மிக இறுக்கம். தலைமன்னாரில் இந்தியக் கடனுதவியில் திருத்திய பாதையில் மடு றோட்டுக்குப் போகும் ரயிலுக்குக் கொடியசைப்பு. அங்கிருந்து ஹெலிகொப்டரில் யாழ்ப்பாணம். கீரிமலை நகுலேஸ்வரத்தில் வழிபாடு. இளவாலையில் இந்திய வீட்டுத்திட்டத்தின் வீடுகள் கையளிப்பு. புது வீட்டில் பால் காய்ச்சுவதில் கலந்துகொண்டார். இந்தியா அறிவித்திருந்த 50,000 வீடுகளில் 27,000க்கும் மேல் அப்போது முடிந்திருந்தன. ஒரு வீட்டுக்குக் கிடைத்த உதவி 5,50,000 ரூபாய், கட்டுவது வீட்டுக்காரரே. ஆகவே பந்தலில் இருந்தவர்களின் சந்தோஷம் பொய்யில்லை. 1990இலிருந்து கொட்டிலில் இருந்த குடும்பத்துக்குச் சீமெந்துத் தரை என்றால் என்ன என்று வலிகாமம் வடக்குக்காரரைக் கேட்டால் தெரியும். அதே நேரம் கீரிமலையைச் சுற்றி உயர் பாதுகாப்பு வலய வேலிக்குள் ஏராளமான காணிகள் இன்னும் இருந்தன, சொந்தக்காரர் பலர் முகாம்களில் இருந்தார்கள். வாகனத் தொடர் அந்த வேலி ஓரமாகத்தான் போனது.

நிகழ்ச்சிநிரலைப் பாருங்கள்: ரயில், கோயில், வீடு, கலாசார மையம். நான்கும் இந்தியா கொடுத்தது, அல்லது இந்தியாவோடு பொதுவானது. நான்கும் படத்துக்கு நல்லது. காணாமல் ஆக்கப்பட்டோர் இல்லை, காணி இல்லை, வலை அறுந்த மீனவன் இல்லை. மீனவர் விஷயம் கொழும்பில் கூட்டு அறிக்கை நேரத்தில் பேசப்பட்டது. இரண்டு பக்கத்துச் சங்கங்களும் கூடிப் பேசட்டும் என்று முடிந்தது. இந்தியாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. விருந்தாளி எதைப் பார்க்க வேண்டும் என்று முன்வைக்க, ஆயத்த மேசையில் இங்கத்தைய தரப்பு எவ்வளவு தூரம் இருந்தது என்பதே கேள்வி.

பதில்

கலாசார மைய அடிக்கல் விழாவில் ஒரு விஷயம் ஒழுங்குக்குள்ளேயே நடந்தது. நிகழ்வு மாகாணத்துக்குள், மேடையில் ஆளுநர் பாலிஹக்காரவும் முதலமைச்சர் சி.வி. விக்னேஸ்வரனும். முதலமைச்சருக்குப் பேச நேரம் கொடுக்காமல் முடியாது. விக்னேஸ்வரன் அந்த நேரத்தை நன்றிக்கு மட்டும் செலவழிக்கவில்லை. 13ஆவது திருத்தம் ஒற்றையாட்சி அரசியலமைப்புக்குள் இயற்றப்பட்டது, அது இறுதித் தீர்வாக முடியாது என்று விருந்தாளியை வைத்துக்கொண்டே சொன்னார்.

முதல்நாள் விருந்தாளி சொன்னதற்கு இதுதான் பதில். மரியாதையான தொனி, ஆனால் மறுப்பு. சொன்னவர் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர், ஆகவே சட்ட வாதமாகவே வந்தது. அவருடைய மற்ற அரசியல் முடிவுகள் பற்றி எனக்குப் பல கேள்விகள் உண்டு. அந்த மேடையில் அவர் செய்தது சரி என்பதில் சந்தேகமில்லை. சட்டத்தில் ஒரு கமாவும் மாறவில்லை. எனினும் வந்தவரிடம், நீங்கள் முன்வைப்பது எங்களுக்குப் போதாது என்று இந்த மண்ணின் வாக்குப் பெற்ற ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னது பொதுப் பதிவில் இருக்கிறது. பாராளுமன்றத்தில் கூட்டமைப்பின் 14 பேரால் முடியாததை மாகாணத்தின் ஒரு வரவேற்புரை செய்தது. அந்த 14 பேரும் திறமை குறைந்தவர்கள் என்பதல்ல காரணம். அந்தச் சபையின் ஒழுங்கில் அப்படியொரு இடமே கிடையாது.

யாழ்ப்பாணத்துக்கு இந்தப் பழக்கம் பழையது. 1927இல் காந்தியை அழைத்து வந்தது இங்கத்தைய இளைஞர் காங்கிரஸ். அதே ஆட்கள் 1931இல், டொனமூர் அரசியலமைப்பு போதாது என்று முதலாவது அரசுப் பேரவைத் தேர்தலைப் பகிஷ்கரித்து யாழ்ப்பாணத்தின் நான்கு ஆசனங்களையும் காலியாக விட்டார்கள். பகிஷ்கரிப்பால் கிடைத்தது என்ன என்று இன்றைக்கும் வாதம் நடக்கும். விருந்தாளியை வரவேற்கத் தெரிந்தவர்களுக்கு மறுக்கவும் தெரிந்திருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

ரத்தான பேச்சு: 2021

ஆயத்தம் பாதியில் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு வழக்கு உண்டு. 2021 பெப்ரவரி 23, 24ஆம் திகதிகளில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்தார். 24ஆம் திகதி பாராளுமன்ற உரை என்று அறிவிக்கப்பட்டு வேலைகள் தொடங்கியிருந்தன. வருகைக்குச் சில நாள் முன்பு உரை ரத்து. கொரோனாவைக் காரணம் காட்டினார்கள். காஷ்மீரைப் பற்றிப் பேசிவிடுவாரோ, கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்படுவதைப் பற்றிப் பேசிவிடுவாரோ என்ற பயம்தான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டில் எது எவ்வளவு என்பதை விட்டுவிடுவோம்.

கொரோனாவில் இறந்தவர்களைக் கட்டாயமாக எரிக்க வேண்டும் என்ற விதி 2020இலிருந்து இருந்தது. பெப்ரவரி தொடக்கத்தில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை நடந்த பேரணியின் கோரிக்கைகளில் அதுவும் ஒன்று. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தது அது. 1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியதை மறக்காத ஊரில் அந்த நடைக்கு ஒரு தனிப் பொருள் இருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வரும் முஸ்லிம் நாட்டுப் பிரதமர், சபையில் பேசாவிட்டாலும், முஸ்லிம் உறுப்பினர்களைக் கொழும்பில் சந்தித்தார். அவர் போன மறுநாள், 25ஆம் திகதி, அடக்கம் செய்ய அனுமதித்து வர்த்தமானி வந்தது.

இதிலிருந்து, பேச்சு இல்லாமலே காரியம் நடந்தது, ஆகவே பேச்சு முக்கியமில்லை என்று முடிவுகட்டலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. சபையில் வெளிப்படையாகப் பேசப்படாத ஒன்று, எங்கே அடக்கம் செய்வது என்ற கேள்வியையும் மூடிய கதவுக்குள்ளேயே வைத்தது. மார்ச் 2ஆம் திகதி அரசாங்கம் அறிவித்த இடம் இரணைதீவு. 1992இல் இடம்பெயர்ந்து, போராடி 2018இல்தான் திரும்பிப் போன மீனவக் குடும்பங்களின் தீவு. அவர்களிடம் ஒரு சொல் கேட்கவில்லை. அவர்கள் எதிர்த்தார்கள், பங்குத்தந்தைமாரும் சேர்ந்து நின்றார்கள்; முஸ்லிம்களும் அந்தத் தீவைக் கேட்கவில்லை. கடைசியில் அடக்கம் நடந்தது ஓட்டமாவடியில். இரண்டு சிறுபான்மைச் சமூகங்களை ஒன்றோடொன்று மோதவிடக்கூடிய முடிவு அது, மோதாமல் போனது அந்த மக்களின் புத்தியால்.

அடிக்கல்லுக்குப் பிறகு

2015 மார்ச் 14இல் நாட்டிய கல் பதினொரு மாடிக் கட்டடமாகப் புல்லுக்குளத்தடியில் எழுந்து நிற்கிறது. 600 பேர் இருக்கக்கூடிய அரங்கு உண்டு. 2022 மார்ச்சில் காணொளி வழியே ஒரு திறப்பு, 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிப்பு என்று இன்னொரு விழா. கட்டி முடிந்த பிறகும் யார் நடத்துவது, மின்கட்டணம் யார் கட்டுவது, மாநகர சபையால் முடியுமா என்ற பேச்சு இழுபட்டது. 2025 ஜனவரியில் அதற்குத் திருவள்ளுவர் கலாசார மையம் என்று பெயர் மாற்றப்பட்டது. யாழ்ப்பாணம் என்ற பெயர் எங்கே போனது என்று எதிர்ப்பு எழ, சில நாளில் யாழ்ப்பாணத்தையும் முன்னால் சேர்த்தார்கள். வள்ளுவர்மேல் யாருக்கும் கோபமில்லை. கேட்காமல் செய்ததுதான் கோபம். அடிக்கல் நாட்டும் ஒழுங்கு பேசப்பட்ட வாரங்களிலேயே யார் பொறுப்பு என்று எழுதி வாங்கியிருந்தால், பத்து வருடம் கழித்து இந்தச் சண்டை வந்திருக்காது.

மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. அடுத்து ஒரு நாட்டுத் தலைவர் யாழ்ப்பாணம் வந்தால் மேடையில் வரவேற்பவர் ஜனாதிபதி நியமித்த ஆளுநர். நல்லவராகவே இருக்கட்டும், தன்னை நியமித்தவரின் விருந்தாளியிடம் இது எங்களுக்குப் போதாது என்று அவர் சொல்ல மாட்டார், சொல்லவும் எதிர்பார்க்க முடியாது. 13ஆவது திருத்தத்தை விமர்சித்த அந்த 2015 உரைகூட, அந்தத் திருத்தம் கொடுத்த பதவியில் நின்றுதான் பேசப்பட்டது. நம் அரசியல்வாதிகள் இதை மேடையில் சொல்வது குறைவு.

மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று காத்திராமல் செய்யக்கூடியது இரண்டு இருக்கிறது. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு யாழ்ப்பாணத்துக்கு வாக்குப் பெற்ற மாநகர சபை மீண்டும் இருக்கிறது. நூலகமும் அதன் கையில். நூலகத்தடியில் எந்த நாட்டுத் தலைவருக்கு விழா வைத்தாலும் மேயரின் உரை நிகழ்ச்சிநிரலில் இருக்க வேண்டும் என்று சபை இப்போதே ஒரு தீர்மானம் எடுத்து ஆளுநர் செயலகத்துக்கும் வெளிவிவகார அமைச்சுக்கும் அனுப்பலாம். கோட்டேயில், கட்சித் தலைவர்கள் கூட்டத்தில் உரை ஒழுங்கு பேசப்படும் நாளன்று, உரை முடிந்ததும் கட்டடத்துக்குள்ளேயே ஒரு குழு அறையில் அரை மணி நேரம், வடக்கு கிழக்கு மலையக உறுப்பினர்களோடு விருந்தாளி இருக்க வேண்டும் என்று கேட்கலாம். செங்கோல் தூக்கும் ஒழுங்குக்கும் தேநீர் உபசாரத்துக்கும் நேரம் ஒதுக்குகிறவர்களுக்கு அந்த அரை மணி பெரிதில்லை. கேட்கிறவர் உரைக்கு இரண்டு மூன்று கிழமைக்கு முன் கேட்க வேண்டும். அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகு போனால் படைக்கலச் சேவிதர் ஆசன இலக்கத்தைக் காட்டி உட்காரச் சொல்வார்.